குரல் போவதற்குள்

என் வலது கால் செருப்பு எந்த இடத்தில் கழன்றது என்று எனக்குத் தெரியாது. பீன்ஸ் காட்டிலிருந்து வந்து வாசலில் நின்றபோது என் மனைவி சந்திராதான் பார்த்தாள்.

"என்னங்க, ஒத்தக் கால்ல செருப்பக் காணோம்?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். பாதத்தை முள் கிழித்து ரத்தம் வழிந்திருந்தது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, முள் கிழித்ததும் தெரியவில்லை.

தை மாதம். எங்கள் மலையூர் பேத்துப்பாறையில் அந்த நாட்களில் காலை வெயில் ஏறும்வரை விரல்கள் மடங்காது. குளிரில் கால் மரத்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கில் நாலு நாள் படுத்து எழுந்திருந்தேன். அந்த அசதியாகவும் இருக்கலாம். சந்திரா வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றினாள். முழங்காலுக்குக் கீழே சூடு உறைக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் கட்டிலை விட்டு இறங்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி கிடையாது. கால்கள் இருந்தன, நான் சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சந்திரா ஓடிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து ஜோசப் அண்ணனைக் கூட்டி வந்தாள். அவர்தான் என்னைத் தோளில் சாய்த்துத் தூக்கித் தன் ஜீப்பில் கிடத்திக் கொடைக்கானலுக்கு ஓட்டினார். வழி முழுக்க, "பயப்படாத தேவசகாயம், ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல நான் உள்ளுக்குள் குறுகிப்போனேன். அதற்குக் காரணம் இருந்தது.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் ஊர்ச் சிறிய சபையில் பதினாறு வருடமாக மூப்பர். பாஸ்டர் இல்லாத ஞாயிறுகளில் நான்தான் பிரசங்கம். ஆள் குள்ளம், குரல் பெரிது. நான் ஜெபம் பண்ணினால் மேட்டுத் தெருவரை கேட்கும் என்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாக உதற வேண்டுமாம். உதறவில்லை. கணுக்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். எங்கும் அசைவில்லை. பிறகு ஒரு வினோதமான காரியம் செய்யச் சொன்னார்.

"ஐயா, மூச்ச நல்லா இழுத்துக்கங்க. விட்டுட்டு மறுபடி இழுக்காம, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க."

முப்பத்தொன்றுவரை எண்ணினேன். அதைச் சீட்டில் எழுதி வட்டம் போட்டார்.

"இது ஒரு நரம்பு நோவு. சுருக்கமா ஜி.பி.எஸ்.னு சொல்வோம்" என்றார். "கிருமி வந்தா எதுத்து அடிக்க நம்ம உடம்புல ஒரு காவல் படை இருக்கு. உங்க வயித்துக் கிருமிய அடிக்கக் கெளம்புன படை, ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிச்சுக்கிட்டிருக்கு. கரண்டு வயருக்கு மேல உறை இருக்கில்ல, அந்த மாதிரி நரம்புக்கும் உறை உண்டு. அது உரிஞ்சு போனா மூளை சொல்றது தசைக்குப் போய்ச் சேராது."

"கால் சரியாயிடுமாம்மா?" என்றாள் சந்திரா.

"கால் பெறகும்மா. இது கீழ ஆரம்பிச்சு மேல ஏறுற நோவு. சில பேருக்கு இடுப்போட நிக்கும். சில பேருக்கு நெஞ்சுக்கு வந்துடும். நெஞ்சுத் தசை அசந்துட்டா அவருக்காக மெஷின்தான் மூச்சு விடணும். அந்த வசதி இங்க இல்ல. இன்னைக்கே மதுரைக்குக் கொண்டுபோயிடுங்க. நெறைய பேரு பொழச்சு நடந்து போயிருக்காங்க. ஆனா இவருக்கு எதுவரைக்கும் ஏறும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு ஜோசப் அண்ணனும் ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸ் மலை இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் என் கால்கள் வேறு யாருடையவோபோல ஒரு பக்கமாகச் சரிந்தன. சந்திரா அவற்றை எடுத்து எடுத்து நேராக வைத்தாள். டாக்டர் சொன்னதில் ஒரே சொல்தான் என் காதில் நின்றது. ஆள் தெரியாமல் அடிக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், மாசி மாதத்துக் காய்ந்த வெயிலில், என் காட்டு ஓரத்தில் பீன்ஸ் கொடியையும் களைச் செத்தையையும் குவித்துத் தீ வைத்தேன். ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். நான்தான் பேச வேண்டும். தீ அடங்கிவிட்டது என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். காற்று கிளப்பிவிட்டது. ஜோசப் அண்ணனுடைய முப்பது பேரிக்காய் மரங்கள் எரிந்தன. மாட்டுக்கொட்டகை எரிந்தது. உள்ளே ஒரு கன்றுக்குட்டி செத்தது. இரண்டு மாடுகளை அவிழ்த்துவிட்டவன் அவர் தோட்டத்தில் கூலி வேலை செய்த பொன்னையா. அதில் அவன் கை வெந்தது.

பொன்னையா சிறு பையனாக இருக்கும்போது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவன். எங்கள் சபையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். பீடி குடிப்பான். அவன் பீடி நெருப்புதான் என்று அன்று இரவுக்குள் ஊர் முடிவு கட்டியது. நான் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமானது. அதற்கடுத்த ஞாயிறு, அவனுடைய கவனக்குறைவுக்காகவும் அதை அவன் ஒப்புக்கொள்ளாத கடின இருதயத்துக்காகவும் நான் சபை நடுவில் நின்று கண்ணீரோடு ஜெபித்தேன். உண்மையை ஒப்புக்கொள்ளும்வரை, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னவனும் நான்தான். அவனுக்கு ஊரில் யாரும் வேலை தரவில்லை. ஒரு மாதத்தில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அதை நான் மறக்கவில்லை. அதன்மேல் மற்ற காரியங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஊழியம், உபவாசம், ஓய்வுநாள் பள்ளி என்று.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். இறால்போல என்னைச் சுருட்டிப் பிடித்து முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுத்தார்கள். நரம்பில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். சந்தேகமில்லை, அதே நோய். ரத்தத்தை ஒரு குழாயில் வெளியே எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு, புதிய நீர் சேர்த்து மறுபடி உள்ளே அனுப்பும் சிகிச்சை தொடங்கியது. என்னை அடிக்கும் படை அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறதாம். சிகிச்சை வேலை செய்யச் சில நாளாகும், அதற்குள் நோய் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு என்றார்கள்.

ஒரு டாக்டர் வேளைக்கு வேளை வந்து எண்ணச் சொல்வார். முதல் நாள் காலையில் இருபத்துநாலு. மாலையில் பத்தொன்பது. அப்போது இடுப்பு போயிருந்தது. கைவிரல்களில் ஊசி குத்துவதுபோல இருந்தது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியது. ஒரு சாவு இவ்வளவு மெதுவாக, படிப்படியாக, பார்த்துக்கொண்டே இருக்கும்படி வரும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டாம் நாள் காலையில் பதினான்கு.

"பத்துக்குக் கீழ போச்சுன்னா தொண்டைல டியூப் போட்டுருவோம்" என்றார் அவர். "அதுக்கப்பறம் பேச வராது. வீட்டுல ஏதாச்சும் சொல்லணும்னா இப்ப சொல்லிக்கங்க."

அவர் நிலம், வீடு என்று நினைத்துச் சொன்னார்.

நான் ஜெபிக்கப் பார்த்தேன். பதினாறு வருடம் ஆயிரம் வார்த்தை பேசிய வாய். 'ஆண்டவரே' என்று தொடங்கினால் அடுத்த வார்த்தையாகப் பொன்னையா என்றே வந்தது. அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பேரம் பேசினேன். பிழைத்தால் சபைக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன் என்றேன். என் பின்பாதி வாழ்க்கை முழுக்க ஊழியம் என்றேன். பதில் இல்லை. சுவரில் பேசுவதுபோல இருந்தது. நான் பயந்தது சாவுக்கு மட்டுமல்ல. வாழ்நாளெல்லாம் யாரைப் பற்றிப் பேசினேனோ அவர் முன்னால் போய் நிற்பதற்கு என்னிடம் முகம் இல்லை. அதுதான் பெரிய பயம்.

பார்வை நேரத்தில் சந்திரா உள்ளே வந்தாள். என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நான் சொன்னேன். மூச்சுக்கு நாலைந்து வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தீ வச்சது நான். பொன்னையா இல்ல.

அவள் நீவுவதை நிறுத்தவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. சுண்டுவிரலுக்கு வந்தபோது கேட்டாள்.

"செல்லம்மா கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னுச்சே. நீங்க உள்ளதான இருந்தீங்க?"

"ஆமா."

"நான்தான் அவள வெரட்டிவிட்டேன். உங்க பேச்ச நம்பி."

பொன்னையாவின் மனைவி அன்று வந்து கெஞ்சியதை நான் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டிருந்தேன்.

"ஜோசப் அண்ணன் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு" என்றாள் சந்திரா. "மூணு நாளா வீட்டுக்குப் போகல."

"வரச் சொல்லு."

அவர் வந்தார். அவரிடமும் சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலிருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பியை விட்டு வெளியே போனார். அன்றே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார் என்று சந்திரா சொன்னாள். ஆனால் எங்கள் பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். பாஸ்டர் முப்பது வயதுகூட ஆகாதவர், எங்கள் சபைக்குப் புதியவர். அந்தப் பழைய தீ விவகாரம் எதுவும் அறியாதவர். பைக்கை எடுத்துக்கொண்டு பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகப் பெரும்பாறைக்குப் போனார்.

பொன்னையா வரும்வரை என் குரல் போகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்டேன். மாலையில் பதினொன்று. மறுநாள் விடிந்து எண்ணச் சொன்னபோது எட்டோடு நின்றது. ஒன்பது என்று வாய் திறந்தேன், காற்று இல்லை. தண்ணீருக்குள் இருப்பவன்போலத் தவித்தேன். ஓடி வந்தார்கள். ஏதோ மருந்து ஏற்றினார்கள். விழித்தபோது தொண்டையில் குழாய். என் நெஞ்சு என்னைக் கேட்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பொன்னையா அன்று மாலை ஐந்து மணிக்கு வந்தான்.

சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு நின்றான். நான் ஆரஞ்சு தின்னும் நிலையில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறான். என்னால் தலையைத் திருப்ப முடியாது. கண் எதிரே கட்டில் கம்பியில் அவன் கை இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி மினுமினுத்தது.

சந்திரா எழுந்து நின்றாள். "அண்ணே, அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. தீ வச்சது..."

"எனக்குத் தெரியுந்தாங்க."

"பாஸ்டர் சொன்னாரா?"

"இல்லைங்க. அன்னைக்கே தெரியும். மூப்பரய்யா குப்பைக்குத் தீ வச்சுட்டு வேதத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு வெரசாப் போனத மேட்டுல நின்னு நான் பாத்தேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றதுங்க? சபையில ஏதும் கொறைன்னா மூப்பரய்யாகிட்டத்தான சொல்லணும்."

ஆறு வருடம் கடவுளுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதனுக்கும் தெரிந்திருக்கிறது. நான் அவனுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தபோது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அவன் அதைக் கேட்டிருக்கிறான். முகத்தை மூடிக்கொள்ளக் கை வரவில்லை. திருப்பிக்கொள்ளக் கழுத்து வரவில்லை. அவன் பார்க்கப் பார்க்கக் கிடந்தேன்.

"அவருக்குக் கேக்குதாங்க?" என்று நர்ஸிடம் கேட்டான்.

"எல்லாம் கேக்கும். ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடித் தெறப்பாரு."

பொன்னையா குனிந்தான். "மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் பஸ் ஏறுனேன். இங்க வந்து நின்னா வாய் வரலைங்க. சாகக் கெடக்கிற ஆளுகிட்ட பொய் சொல்லக் கூடாதில்ல." பையைக் கை மாற்றிக்கொண்டான். "நீங்க எந்திரிச்சு வரணும். உங்க வாயால சொல்லணும். செல்லம்மா கேக்கணும், என் புள்ளைங்க கேக்கணும். அதுவரைக்கும் உங்களுக்கு உசுரு இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன். வருவீங்களா?"

கண்ணை மூடித் திறந்தேன். அவன் ஆரஞ்சுப் பையைச் சந்திராவிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

அதன் பிறகு இருபத்தாறு நாள் மெஷின் மூச்சு விட்டது. பன்னிரண்டாம் நாள் வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளை போட்டு அதில் குழாய் வைத்தார்கள். நுரையீரலில் சளி சேர்ந்தால் மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தப் பத்து விநாடியும் மூச்சு கிடையாது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைப்பேன். நினைவு மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. என்னைக் கழுவினார்கள், புரட்டினார்கள், மலம் துடைத்தார்கள். ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாது. சபையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று விரல் நீட்டிச் சொன்னவன் நான்.

அந்த நாட்களில் என் ஜெபம் சிறுத்துவிட்டது. செய்தேன், மன்னியும். வேறு ஒன்றும் மிச்சமில்லை. சுற்றுச்சுவர் இல்லை, ஊழியம் இல்லை. அப்போதுதான் பேச்சு சுவரில் மோதித் திரும்பவில்லை என்று தோன்றியது. குரலோ வெளிச்சமோ எதுவும் வரவில்லை. பயமும் போகவில்லை. பயத்தோடு நான் தனியாக இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சந்திரா ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி விரல் வைத்துக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்தில் நான் கண்ணை மூடுவேன். பாஸ்டர் வந்த ஒரு நாள், அரை மணி நேரம் எடுத்து ஒரே வார்த்தை கேட்டேன். தண்டனையா.

அந்த இளைஞர் உடனே பதில் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் உடனே சொல்லியிருப்பேன். நோயாளிகளின் வீட்டுக்குப் போய், "உங்க பாவத்த ஆராஞ்சு பாருங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"தெரியலைங்கய்யா" என்றார். "அடுத்த கட்டில்ல ஒரு காலேஜ் பொண்ணு இதே நோவுல கெடக்கு. அது என்ன செஞ்சிருக்கும்? நோவு எங்கயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. மனசு திரும்பினது எங்கயிருந்து வந்துச்சுன்னு தெரியும்."

மாசி நடுவில் இடது கைக் கட்டைவிரல் அசைந்தது. சந்திராதான் முதலில் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், தன் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று. பிறகு தோள், கழுத்து, மூச்சு. முதலில் போன கால்கள்தான் கடைசியில் வந்தன. கழுத்துக் குழாயை எடுத்த அன்று பேசிப் பார்த்தேன். கரகரவென்று காற்றுதான் வந்தது. பழைய குரல் இன்றுவரை திரும்பவில்லை.

ஆவணியில் வாக்கரைப் பிடித்து நடக்க வந்ததும், பாஸ்டர் கார் அமர்த்தி என்னைப் பெரும்பாறைக்குக் கூட்டிப்போனார். பொன்னையா குடியிருந்தது வரிசை வீடுகளில் கடைசி வீடு. அந்த வரிசையை அவன் இன்னும் சிலோன் தோட்டத்துப் பேச்சில் லயம் என்றுதான் சொல்கிறான். வாசலில் நின்று சொன்னேன். "தீ வச்சது நான். உங்க மேல பழி விழுந்தப்ப பேசாம இருந்தேன். உங்களுக்கு எதிரா ஜெபமும் பண்ணினேன்." அவனை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பொன்னையா முடியும்வரை கேட்டான். "சரிங்க" என்றான். "இப்ப சொல்ல வருது. மன்னிச்சுட்டேன்."

செல்லம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அவரு சொல்லலாம்" என்றாள். "எனக்கு வரல." உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பேத்துப்பாறைச் சபையில் அதையே மறுபடி சொன்னேன். குரல் பாதிப் பேருக்கு எட்டவில்லை. "கேக்கலைங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன். ஜோசப் அண்ணன் முன்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். இப்போதும் அவர் என்னிடம் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். அதைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை.

பாஸ்டர் திருவிருந்துக்கு அழைத்தார். பொன்னையா குடும்பத்தோடு வந்திருந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு எழுந்து முன்னால் போனான். பிள்ளைகள் பின்னால் போனார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அன்றைக்கு அங்கே போகும் எண்ணமே எனக்கு இல்லை. குனிந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் சேலை உரசியது. செல்லம்மா.

"எந்திரிங்க" என்றாள்.

"நான் வரலம்மா. நீங்க போங்க."

"நான் இன்னும் மன்னிக்கலதான்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா உங்கள இங்க உக்கார வச்சுட்டு நான் மட்டும் போயி அத வாங்க முடியாது. முன்னால ரெண்டு படி இருக்கு. கையப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன்.